கயிற்றைப் பிடித்திருப்பவர் யார்?

ஆழ்கடலின் அடியைப் பணம் கொடுத்துப் பார்க்கச் சென்றோரும், அவர்களை அழைத்துச் சென்றோரும்

2023 ஆம் ஆண்டு ஜூன் 18 ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை காலை. கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கரையிலிருந்து அறுநூறு கிலோ மீற்றருக்கும் அப்பால், அத்லாந்திக் சமுத்திரத்தின் நடுவே 'போலர் பிரின்ஸ்' என்ற கப்பல் நின்றிருந்தது. அதனுடன் வந்த 'டைட்டன்' என்னும் சிறிய நீர்மூழ்கிக் கலத்தினுள் ஐந்து பேர் ஏறி அமர்ந்தனர். கதவு வெளியிலிருந்து முடுக்கி மூடப்பட்டது. உள்ளே இருப்பவர்கள் தாமாகத் திறந்துகொண்டு வெளியே வர முடியாது. 1912 ஏப்ரலில் மூழ்கிய டைட்டானிக் கப்பல் ஏறத்தாழ 3,800 மீற்றர் ஆழத்தில் கிடக்கிறது. அதனைக் கண்ணால் பார்த்து வருவதே அவர்களது நோக்கம். ஓர் இருக்கைக்கான கட்டணம் 250,000 அமெரிக்க டொலர். நமது நாணயத்தில் ஏழு கோடி ரூபாவுக்கும் மேல்.

அந்த ஐவரில் இருவர் முஸ்லிம்கள். பாகிஸ்தானின் பெயர்பெற்ற வர்த்தகக் குடும்பத்தைச் சேர்ந்த ஷஹ்ஸாதா தாவூத், வயது 48. அவரது மகன் சுலைமான், வயது 19. சுலைமான் ஸ்கொட்லாந்தில் பல்கலைக்கழக மாணவர். தாய் கிறிஸ்டினும் மகள் அலீனாவும் மேலே கப்பலில் இருந்தனர். உண்மையில் கணவருடன் போகவிருந்தவர் அந்தத் தாய்தான். கொரோனாக் காலத்தில் அப்பயணம் நின்றுபோனது. மீண்டும் வாய்ப்பு வந்தபோது மகன் மிகவும் ஆசைப்பட்டதால், தமது இடத்தை அவருக்கு விட்டுக்கொடுத்தார். இதனை அவரே பின்னர் பிபிசிக்குக் கூறினார். சுலைமானின் கையில் வர்ணச் சதுரங்களைத் திருப்பிச் சேர்க்கும் ரூபிக் கட்டை ஒன்று இருந்தது. கடலின் அடியில் அதனைச் சேர்த்து உலக சாதனை படைக்க வேண்டுமென்பது அவரது எண்ணம். வாப்பா அதனைப் படம் பிடிப்பதற்குக் கெமரா எடுத்துச் சென்றிருந்தார்.

இறங்கத் தொடங்கி ஒரு மணி நாற்பத்தைந்து நிமிடமளவில் கலத்துடனான தொடர்பு அறுந்தது. உள்ளே 96 மணித்தியாலத்துக்குப் போதுமான ஒட்சிசன் இருப்பதாகச் சொல்லப்பட்டதால், நான்கு நாட்கள் உலகமே மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஜூன் 22 ஆம் திகதி, டைட்டானிக்கின் முன்பகுதியிலிருந்து ஏறத்தாழ ஐந்நூறு மீற்றர் தூரத்தில் டைட்டனின் சிதைவுகள் கண்டெடுக்கப்பட்டன. தொடர்பு அறுந்த அந்த வேளையிலேயே கலம் கடலின் அமுக்கத்தால் உள்நோக்கி நொறுங்கியிருந்தது. கண் இமைக்கும் நேரத்திலும் குறைவான நேரம். வேதனையை உணர்வதற்கும் அவகாசமில்லை என்று அறிந்தோர் கூறுகின்றனர். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

அந்நாட்களில் நம் வீடுகளிலும் இது பெரும் பேச்சாக இருந்தது. 'பையனுக்குப் போக விருப்பமேயில்லை, வாப்பாவுக்காகப் பயந்து பயந்து போனான்' என்று ஓர் உறவினர் சொன்னது உலகெங்கும் பரவியது. 'இல்லை, அவன் ஆசையோடுதான் போனான்' என்று பெற்ற தாய் சொன்னது அவ்வளவு தூரம் பரவவில்லை. 'காசு கூடினால் இப்படித்தான்' என்று சொன்னவர்களும் உண்டு. மரணித்தவர்களின் உள்ளத்தை நாம் திறந்து பார்க்கவில்லை. தன் இடத்தைக் கொடுத்த தாயின் துயரத்தின் மேல் நாம் வேறு ஒரு சுமையை ஏற்ற வேண்டியதில்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறொன்று. அவர்களை அழைத்துச் சென்றவர்கள், அழைத்துச் செல்லத் தகுதியுடையவர்களாக இருந்தார்களா?

நகத்தின் மேல் ஏழு மூடை அரிசி

ஆழ்கடல் என்றால் என்னவென்பதை முதலில் விளங்கிக்கொள்வோம். கடலில் ஒவ்வொரு பத்து மீற்றர் இறங்கும்போதும் நம்மீது இன்னொரு வளிமண்டலத்தின் பாரம் ஏறுகிறது. டைட்டானிக் கிடக்கும் ஆழத்தில், ஒரு சதுர சென்ரி மீற்றர் இடத்தின் மேல், அதாவது ஏறத்தாழ ஒரு விரல் நகத்தின் மேல், 380 கிலோவுக்கும் அதிகமான அமுக்கம் இருக்கிறது. ஐம்பது கிலோ அரிசி மூடைகள் ஏழினை ஒன்றன்மேல் ஒன்றாக ஒரு நகத்தின் மீது வைத்ததற்கும் மேலான பாரம். கலத்தின் ஒவ்வொரு நக அளவு இடமும், மேல், கீழ், பக்கம் என்று எல்லாத் திசையிலும் இந்தப் பாரத்தைத் தாங்க வேண்டும். ஒரு மயிரிழை பலவீனமிருந்தாலும் கடல் அதனைத் தேடிக் கண்டுபிடித்துவிடும்.

இருளும் அவ்வாறே. இருநூறு மீற்றருக்குக் கீழே மங்கல்தான். ஆயிரம் மீற்றரைத் தாண்டினால் சூரிய ஒளி அறவே இல்லை. ஸூரத்துந் நூரின் 40 ஆவது வசனத்தில், ஆழ்கடலில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட இருள்கள் உவமையாக வருவதை நம் சகோதரிகள் அறிவர். அவ்வசனத்தை எடுத்துக்கொண்டு, இது நவீன கடலியல் பாடம் என்று எழுதிய நூல்கள் பல வந்துள்ளன. எனக்கு அதில் அவ்வளவு உடன்பாடில்லை. அல்லாஹ் அங்கே உவமிப்பது சத்தியத்தை மறுப்போரின் செயல்களை. தன் கையைத் தானே காண முடியாத நிலையில் ஒருவன் தன் வழியில் நம்பிக்கையோடு இருப்பதை. உவமையை உவமையாக ஓதினால் அதுவே போதும்.

முறையாகச் செய்தவர்களும் இருக்கிறார்கள்

ஆழ்கடலுக்குப் போவதே பைத்தியக்காரத்தனம் என்று சொல்லிவிட முடியாது. 1960 ஜனவரி 23 ஆம் திகதி, ஜாக் பிக்காட், டொன் வோல்ஷ் ஆகிய இருவர் 'திரியெஸ்த்' என்ற கலத்தில், பசுபிக் சமுத்திரத்தின் மிக ஆழமான இடத்துக்கு இறங்கினர். பத்தாயிரத்துத் தொளாயிரம் மீற்றருக்கும் கீழே. வழியில் ஒரு கண்ணாடி சத்தத்துடன் வெடிப்புக் கண்டது. ஆனாலும் அவர்கள் இருந்த தடித்த உருக்குக் கோளம் தாங்கியது. ஏறத்தாழ இருபது நிமிடம் அடியில் இருந்துவிட்டு மேலே வந்தார்கள்.

பணம் கொடுக்கும் பிரயாணிகளை டைட்டானிக்குக்கு அழைத்துச் செல்வதும் டைட்டன் தொடக்கிவைத்த காரியமன்று. 1998 இலிருந்து ரஷ்யாவின் 'மிர்' என்ற இரு கலங்கள் அதனைச் செய்துவந்தன. அப்போது கட்டணம் 32,500 டொலர். இக்கலங்கள் 1987 இல் பின்லாந்தில் கட்டப்பட்டவை. 6,000 மீற்றர் வரை இறங்கக்கூடியவை. ஆராய்ச்சிக்கெனக் கட்டப்பட்டுப் பல ஆண்டுகள் விஞ்ஞானிகளைச் சுமந்த பிறகே மற்றவர்களுக்கு அதில் இடம் கொடுத்தார்கள். அனத்தோலி சகலேவிச் என்ற ரஷ்ய நிபுணர் அவற்றின் கட்டுமானத்திலும் பங்குகொண்டு, வலவனாகவும் பலமுறை இறங்கியவர். ஒரு கலத்தில் வலவருடன் இரண்டே பேர். பெரும்பாலும் இரண்டு கலங்களும் சேர்ந்தே இறங்கும். ஒன்றுக்கு இடர் நேர்ந்தால் மற்றையது அருகில் இருக்கும். டைட்டனுக்கு இடர் நேர்ந்தபோது, அந்த ஆழத்துக்குச் சென்று பார்க்கக்கூடிய எந்தக் கலமும் போலர் பிரின்ஸில் இருக்கவில்லை.

அமெரிக்கரான விக்டர் வெஸ்கோவோ, தனக்கென ஒரு கலத்தைக் கட்டுவித்தார். 90 மில்லி மீற்றர் தடிப்புள்ள டைட்டேனியக் கோளம், உள்ளே இருவர். எந்தச் சமுத்திரத்தின் அடிக்கும் திரும்பத் திரும்பப் போய்வரலாம் என்று, கட்டியவர்களல்லாத வேறொரு நிறுவனம் பரிசோதித்துச் சான்று வழங்கியது. 2020 ஜூன் மாதத்தில், விண்வெளியில் நடந்த முதல் அமெரிக்கப் பெண்மணியான கெத்தி சலிவன், தமது 68 ஆவது வயதில் இதில் ஏறி, உலகின் மிக ஆழமான இடத்தை அடைந்த முதற்பெண் ஆனார். அதே மாதத்தில் டொன் வோல்ஷின் மகன் கெலியும், தந்தை போய் அறுபது ஆண்டுகளின் பின் அதே பள்ளத்துக்கு இறங்கி ஏறினார். இப்பயணங்களை ஒழுங்குசெய்து நடத்தியவர் ரொப் மெக்கலம் என்ற நியூசிலாந்துக்காரர். அவரைப் பற்றிப் பின்னால் மீண்டும் வரும்.

இக்கலங்களில் மனிதர் இருக்குமிடம் எப்போதும் கோளமாகவே இருப்பதைக் கவனியுங்கள். ஒரு முட்டையை உள்ளங்கைக்குள் வைத்து எல்லாப் பக்கமும் சமமாக அழுத்திப் பாருங்கள், இலேசில் உடையாது. உருண்டை வடிவம் பாரத்தைப் பங்கிட்டுக்கொள்ளும். ஆனால் உருண்டைக்குள் இரண்டு மூன்று பேருக்கு மேல் உட்கார இடமில்லை. ஐந்து பேரை ஏற்றினால் வருமானம் கூடும். டைட்டனை நடத்திய 'ஓஷன்கேட்' கம்பனி அதனால் நீண்ட குழாய் வடிவத்தைத் தெரிவு செய்தது. அதுவும் காபன் நாரினால். காபன் நார் இழுவைக்கு மிகவும் உறுதியானது, ஆகாய விமானத்துக்கு ஏற்றது. வெளியிலிருந்து நெருக்கும்போது அதன் குணம் வேறு. அடுக்கடுக்காக ஒட்டிச் செய்யப்படுவதால், ஒட்டுப் பலகையைப் போல் அடுக்குகள் மெல்ல மெல்லக் கழன்றுவிடலாம். ஒவ்வொரு முறை இறங்கி ஏறும்போதும் சிறிது சிறிதாக. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது.

எச்சரித்தவர்கள்

ஓஷன்கேட்டின் தலைவர் ஸ்டொக்டன் ரஷ், விமானப் பொறியியல் கற்றவர். ஊக்கமும் பேச்சு வன்மையும் உடையவர். தன் கலத்துக்கு வெளியார் சான்று பெற அவர் மறுத்தார். சட்டதிட்டங்கள் புதிய கண்டுபிடிப்புகளுக்குத் தடை என்பது அவரது வாதம்.

2018 இல் அக்கம்பனியின் சொந்த அதிகாரியான டேவிட் லொக்ரிட்ஜ், கலத்தின் உடலில் குறைகள் இருப்பதாக எழுத்தில் கொடுத்தார். வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அதே ஆண்டு, துறைசார்ந்த நிபுணர்கள் முப்பதுக்கும் மேற்பட்டோர் சேர்ந்து, இவ்வழி பேரழிவில் முடியலாம் என்று ரஷ்ஷுக்கு ஒரு கடிதம் தயாரித்தனர். மேலே சொன்ன ரொப் மெக்கலமும் தனிப்பட எழுதினார். சான்று பெறும்வரை மற்றவர்களை ஏற்ற வேண்டாம் என்பதே அவரது வேண்டுகோள். ரஷ் அதனைத் தனக்கு இழைக்கப்பட்ட அவமதிப்பாக எடுத்துக்கொண்டார்.

2022 ஜூலையில் டைட்டானிக்கைப் பார்த்துவிட்டு மேலே வரும்போது, கலத்தில் வெடிச்சத்தம் போன்ற ஒரு பெரும் ஓசை கேட்டது. அதன்பின் அதிற் பொருத்தப்பட்ட கருவிகளின் பதிவுகளும் மாறியிருந்தன. அதன் காரணத்தை முறையாக ஆராயவில்லை. அந்தப் பனிக்காலம் முழுவதும் கலம் வெட்டவெளியில் கிடந்தது. அடுத்த ஆண்டு மீண்டும் ஆட்களை ஏற்றினார்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கக் கரையோரக் காவற்படை வெளியிட்ட விசாரணை அறிக்கை, இந்த உயிரிழப்புகள் தவிர்த்திருக்கக் கூடியவை என்றே முடிவு கூறியது.

ரஷ்ஷும் அக்கலத்திலேயே மரணித்தார். எனவே அவரைச் சாதாரண மோசடிக்காரர் என்று சொல்ல மாட்டேன். தான் சொன்னதைத் தானே நம்பினார். ஆயினும் தன் உயிரையும் பணயம் வைத்தார் என்பது அவரது மனத்துக்குச் சாட்சியாகலாம், அவரது அறிவுக்குச் சாட்சியாகாது.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். போல் ஹென்றி நார்ஜோலே, வயது 77. பிரெஞ்சுக் கடற்படையில் இருந்தவர். டைட்டானிக்குக்கு 37 தடவை இறங்கியவர். அந்தச் சிதைவைப் பற்றி உலகில் அவரளவு அறிந்தவர் மிகச் சிலரே. அவர் கூடவே வருகிறார் என்றால் யாருக்குத்தான் தைரியம் வராது? ஆனால் மூழ்கிய கப்பலை அறிந்திருப்பது ஒரு கலை, காபன் நாரை அறிந்திருப்பது வேறொரு கலை. நம் ஊர்களிலும் இந்தக் குழப்பம் உண்டு. மௌலவிமாரிடம் மார்க்கச் சட்டம் கேட்பதோடு நிற்காமல், பிள்ளையின் காய்ச்சலுக்கு மருந்தும் காணி உறுதிக்கு விளக்கமும் கேட்டு வருபவர்கள் இருக்கிறார்கள். கேட்பவர் மீது குற்றமில்லை. பதில் சொல்லப் புறப்படுபவர்தான் யோசிக்க வேண்டும்.

பெயரை மாற்றினால் சட்டம் மாறுமா?

மருத்துவம் அறிந்தவரென அறியப்படாத ஒருவர் மருத்துவம் செய்து தீங்கு நேர்ந்தால், அவரே அதற்குப் பொறுப்பாளி என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்களின் ஹதீஸ் ஒன்று அபூதாவூத், நஸாஈ கிரந்தங்களில் பதிவாகியுள்ளது. நோயாளி விரும்பித்தான் வந்தார் என்பது அவரைக் காப்பாற்றாது. இச்சட்டம் வைத்தியருக்கு மட்டுமன்று, பிறர் உயிரைத் தன் கையில் எடுக்கும் எவருக்கும் பொருந்தும் என்பதே என் கருத்து.

ஓஷன்கேட் தன் பிரயாணிகளைப் பிரயாணிகள் என்று அழைக்கவில்லை. 'பணி நிபுணர்கள்' என்று பெயரிட்டது. பணம் கொடுத்து வந்தவர்கள் பிரயாணிகள் என்றால், அவர்களின் பாதுகாப்புக்கான சட்டங்கள் எல்லாம் வந்து நிற்கும். பணியாளர் குழுவினர் என்றால் அவை விலகிவிடும் என்பது கணக்கு. கொடுக்கல் வாங்கலில் கவனிக்கப்படுவது கருத்தும் நோக்கமுமே, வெறும் சொல்லன்று என்று நம் பிக்ஹு அறிஞர்கள் விதி வகுத்து வைத்திருக்கிறார்கள். வட்டிக்கு வேறு பெயர் வைப்பவர்களுக்குப் பதிலாக அறபுக் கல்லூரியில் ஓதிக்கொடுக்கும் இவ்விதி, அத்லாந்திக்கின் நடுவிலும் செல்லும்.

ஏறுமுன் எல்லோரும் ஒரு பத்திரத்தில் கைச்சாத்திட வேண்டும். அதன் முதற் பக்கத்திலேயே மரணம் என்ற சொல் மூன்று முறை வந்ததாக, முன்னர் சென்றுவந்த ஒரு பிரயாணி கூறினார். நம் உயிர் நமக்குச் சொந்தமான பொருளன்று, அமானிதம். நம் கரங்களாலேயே நம்மை அழிவில் போட்டுக்கொள்ளக் கூடாது என்பதை ஸூரத்துல் பகரா 195 ஆவது வசனத்தின் அடிப்படையில் உலமாக்கள் விளக்குவர். கைச்சாத்து வாங்குபவருக்கும் அது விடுதலைப் பத்திரமன்று. அதற்காக எல்லாப் பயணமும் ஹராம் என்று சொல்ல வருகிறேன் என எண்ண வேண்டாம். ஹஜ்ஜுக்குப் பாய்மரக் கப்பலில் போன நம் முன்னோர் எடுத்த ஆபத்து சிறியதன்று. ஆனால் அவர்கள் மாலுமியை விசாரித்தே ஏறினார்கள்.

மன்னார்ப் பகுதியில் சிலாவத்துறை, மறிச்சுக்கட்டிக் கரைகளில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், குளிப்பவர் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்குவார். படகில் நிற்பவர் கயிற்றைப் பிடித்திருப்பார். கீழிருந்து ஓர் அசைவு வந்ததும் இழுக்க வேண்டும். அவர் கொஞ்சம் கண் அயர்ந்தாலும் கதை முடிந்தது. அதனால் கயிற்றைப் பிடிக்க மனைவியின் சகோதரரான மச்சானைத்தான் நிறுத்துவார்கள், தன் சகோதரி விதவையாவதை எவரும் விரும்பார் என்று வழக்கில் சொல்வதுண்டு. அறபு வளைகுடாவிலும் மூழ்குபவர் 'கைஸ்', கயிறு பிடிப்பவர் 'ஸைப்' என்று இரண்டு பேர் சேர்ந்தே தொழில். ஒருவரின் மூச்சு மற்றவரின் கையில். கடலடிக்கு இறங்குவதென்றால் அன்றும் இன்றும் இதுதான் விடயம்.

சான்று என்பது இன்றைய கயிறு. தங்க நகை வாங்கப் போனால், 'இது இருபத்திரண்டு கரட்' என்று கடைக்காரர் சத்தியம் செய்தாலும் நாம் முத்திரையைப் பார்க்கிறோம். அது அவரைப் பொய்யர் என்பதற்காக அன்று. விற்பவரே சாட்சியாகவும் இருக்க முடியாது என்பதற்காக. பிள்ளைகளைச் சுற்றுலாப் படகில் ஏற்றும்போது எத்தனை பேர் அவ்வாறு பார்க்கிறோம்? டைட்டனின் ஆழம் நமக்குத் தூரமாக இருக்கலாம். எகிப்தின் செங்கடல் கரையில், அறபியில் அல்-கர்தகா எனப்படும் ஹுர்கதாவில், பவளப் பாறைகளைக் காட்டுவதற்கு உல்லாசப் பிரயாணிகளை ஏற்றிச் சென்ற 'சிந்துபாத்' என்ற நீர்மூழ்கி, 2025 மார்ச் 27 ஆம் திகதி கரைக்கு அண்மையிலேயே மூழ்கியது. நாற்பத்தைந்து பிரயாணிகளில் ஆறு பேர் மரணமானார்கள். குழந்தைகளோடு குடும்பமாகப் போகும் பயணம் அது.

டைட்டன் இறங்குவதற்கு நான்கு நாட்கள் முன், 2023 ஜூன் 14 ஆம் திகதி, கிரேக்க நாட்டின் பைலோஸ் கரைக்கப்பால், லிபியாவிலிருந்து வந்த ஒரு மீன்பிடிக் கப்பல் மூழ்கியது. ஏறத்தாழ 750 பேர் அதில் இருந்தனர். எகிப்தியர், சிரியர், பாகிஸ்தானியர். பாகிஸ்தானியர் மட்டும் முந்நூறுக்கும் மேல். பெண்களும் குழந்தைகளும் கீழ்த்தளத்தில் இருந்தார்கள். உயிர் தப்பியவர்கள் 104 பேர். அவர்களில் ஒரு பெண்ணேனும் இல்லை. மத்தியதரைக் கடலின் மிக ஆழமான பகுதிகளுள் ஒன்று அது. எந்த ஒட்சிசன் கணக்கும் தொலைக்காட்சியில் ஓடவில்லை. அவர்களை ஏற்றியவர்களும் காணி பூமியை விற்று வந்தவர்களிடம் ஆயிரக்கணக்கான டொலர் வாங்கிக்கொண்டுதான் ஏற்றினார்கள். அவர்களும் வழி தெரியும் என்றுதான் சொன்னார்கள். ஒரே வாரத்தில், ஒரே நாட்டின் செல்வந்தரும் ஏழையும், தாம் பரிசோதித்துப் பார்க்க முடியாத கலத்தில், பிறரின் வார்த்தையை நம்பி ஏறினர். நீரில் மூழ்கி மரணிக்கும் முஃமினுக்கு ஷஹீதின் கூலி உண்டென்பது ஹதீஸ். அது மரணித்தவர்களுக்கான ஆறுதல். ஏற்றிவிட்டவர்களின் கேள்வி கணக்கு அதனால் இலேசாகிவிடாது.

கிறிஸ்டின் தாவூத், செய்தி வந்த சில நாட்களின் பின் பேசியபோது, எவர்மீதும் சீறவில்லை. தானும் மகள் அலீனாவும் அந்த வர்ணக் கட்டையைச் சேர்க்கக் கற்றுக்கொள்ளப் போவதாகச் சொன்னார். சுலைமான் அதனைப் பன்னிரண்டு விநாடியில் சேர்த்துவிடுவாராம்.